எறும்பக்காவின் ரப்பர் செடி

அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு எறும்பக்கா என்று பெயர். குழந்தையோ கிழவரோ, யார் கையை நீட்டினாலும், ஊசியை எடுக்கும்போதே "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும், பயப்படாதீங்க" என்பாள். சொன்னதற்கு மேல் துளி வலிக்காது. நரம்பே தென்படாத கைகளை மற்றவர்கள் தட்டி, தடவி, கட்டிப் பார்த்துவிட்டுக் கடைசியில் "அக்கா, நீங்க வாங்க" என்று கூப்பிடுவார்கள். அவள் வந்து விரல் நுனியை வைத்து அரைக்கண் மூடுவாள். அடுத்த நொடி குழாயில் ரத்தம் ஏறும். இருபத்தாறு வருஷமாக இதே வேலை. காலை ஆறரைக்குப் போனால் பகல் இரண்டு மணிக்கு மேல்தான் திரும்புவாள். வெறும் வயிற்றோடு வந்து சிடுசிடுவென்று உட்கார்ந்திருக்கும் ஐம்பது அறுபது பேரிடம் தினமும் முகம் சுளிக்காமல் பேசுவதால், பொறுமைசாலி என்று நல்ல பெயர் வாங்கியிருந்தாள். அந்தப் பொறுமை முழுவதும் நிலையத்திலேயே தீர்ந்துபோகும், வீட்டுக்கு மிச்சம் எதுவும் வராது என்பது வீட்டில் இருந்த ஒரே ஆளுக்குத்தான் தெரியும்.

அந்த ஒரே ஆள் அவளுடைய கணவர். அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரத்தின் முன்னால் முப்பத்து நான்கு வருஷம் நின்றவர். அதனால் கூட வேலை பார்த்தவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'கட்டிங்'. அந்தப் பெயரை மட்டும் கேள்விப்பட்டவர்கள், மனுஷன் பொழுது சாய்ந்தால் கடைப் பக்கம் ஒதுங்குகிறவர் என்று நினைத்துக்கொள்வதுண்டு. உண்மையில் அவர் வாழ்நாளில் குடித்த மோசமான சரக்கு இருமல் மருந்துதான்.

ஓய்வு பெற்ற முதல் வாரம் அவர் தூங்கினார். இரண்டாவது வாரம் வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மூன்றாவது வாரம் சட்டைப் பையில் அளவு நாடா குடியேறியது. அலமாரித் தட்டுகளில் விரித்திருந்த காகிதங்கள் ஓரம் பிசகாமல் வெட்டப்பட்டன. வாசல் மிதியடியின் குஞ்சங்கள் ஒரே உயரத்துக்கு வந்தன, பிறகு குஞ்சங்களே இல்லாமல் போயின. படுக்கையறைத் திரை ஒரு பக்கம் இரண்டு விரற்கடை இறங்கியிருக்கிறது என்று வெட்டினார். வெட்டியதும் மறுபக்கம் இறங்கினாற்போல் இருந்தது. அதையும் வெட்டினார். இப்போது திரைக்குக் கீழே ஒரு சாண் வெளிச்சம் தெரிகிறது.

"ஏங்க, வெளிய போய் நாலு பேரைப் பாத்துட்டு வரக் கூடாதா?" என்று அவள் கேட்டாள்.

"நாலு பேரும் வேலைக்குப் போயிருக்காங்க," என்றார் அவர்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. நிலையத்தில் ஒரு கம்பெனியின் ஊழியர்கள் மொத்தமாக வந்து இறங்கியிருந்தார்கள். இடுப்பு ஒடிய நின்றுவிட்டு இரண்டரை மணிக்கு அவள் வீட்டுக் கதவைத் திறந்தாள். கூடம் பளிச்சென்று இருந்தது. முதலில் அவளுக்கு உறைக்கவே இல்லை. ஜன்னலைக் கழுவியிருப்பார் என்று நினைத்தாள். செருப்பைக் கழற்றி, பையை ஆணியில் மாட்டிவிட்டுத் திரும்பியபோதுதான் கண்ணில் பட்டது.

ஜன்னல் ஓரத்தில் நின்ற ரப்பர் செடி இல்லை. அதாவது தொட்டி இருந்தது. தொட்டியில் மணிக்கட்டுக் கனத்தில் இடுப்புயரக் கம்பு ஒன்று நின்றது. அதன் மேல் நான்கு முண்டுகள். நான்கிலிருந்தும் வெள்ளைப் பால் வடிந்து, கம்போடு வழிந்து, தரையில் விரித்திருந்த செய்தித்தாளையும் தாண்டிப் போயிருந்தது. பக்கத்தில் வெட்டிய இலைகள். பெரியது, நடுத்தரம், சின்னது என்று பிரித்து, அடுக்கி, சணல் கயிற்றால் கட்டிய மூன்று கட்டுகள்.

"என்னங்க இது?"

சமையலறையிலிருந்து அவர் கையைத் துடைத்தபடி வந்தார். முகத்தில் மலர்ச்சி. "எவ்வளவு வெளிச்சம் பாத்தியா? பட்டப்பகல்ல லைட்டைப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தோம்."

"ஒரு இலைகூட இல்லையே."

"முதல்ல ஒரு கொப்பைத்தான் எடுத்தேன். கூரையில முட்டிக்கிட்டு வளைஞ்சு நின்னுச்சு இல்ல, அதை. எடுத்ததும் இந்தப் பக்கம் சாஞ்ச மாதிரி தெரிஞ்சுது. சரின்னு அந்தப் பக்கம் ஒண்ணு எடுத்தேன். அப்புறம் இந்தப் பக்கம் கொஞ்சம் தூக்கலா..."

"அப்புறம்?"

அவர் செடியைப் பார்த்தார். மலர்ச்சி கொஞ்சம் இறங்கியது. "அப்புறம் வெட்டறதுக்கு எதுவும் இல்ல," என்றார்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "வெட்டினா நல்லாத் தழையும்னு வீடியோவுல சொன்னாங்க" என்று அவர் பின்னாலேயே வந்து சொன்னதற்கு, குளியலறைக் கதவு சாத்தப்பட்ட சத்தம்தான் பதில்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் நிலையத்துக்கு வெள்ளையடித்தபோது, ஏணி சாய்ந்து காத்திருப்போர் அறைச் செடியின் தலை முறிந்துவிட்டது. குப்பைக் கூடைக்குப் போக இருந்த அந்த ஒரு முழக் கொப்பை அவள் ஈரப் பஞ்சில் சுற்றி, கைப்பையில் செருகி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மாதிரி எடுக்கும் புது போத்தல் ஒன்றில் தண்ணீர் ஊற்றி வைத்தாள். வேர் விட்டது. தொட்டி மாறியது ஐந்து தடவை. மகள் பள்ளிக்கூடம் முடித்தாள், படிக்கப் போனாள், வேலை கிடைத்து வேறு ஊரில் போய் இருந்துகொண்டாள். செடி கூரையைத் தொட்டு, வளைந்து, ஜன்னலை நோக்கித் திரும்பியது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் முக்காலி போட்டு ஏறி, உள்ளங்கை அகலத்துக்குமேல் இருந்த அந்த இலைகளை ஈரத் துணியால் ஒவ்வொன்றாகத் துடைப்பாள். அந்த ஒரு மணி நேரம் யாரும் அவளை எதற்கும் கூப்பிடக் கூடாது. வீட்டில் அவளுக்கென்று இருந்த ஒரே சலுகை அதுதான்.

இப்போது துடைக்க ஒன்றும் இல்லை. தரையில் காய்ந்த பால் கறை மட்டும் இருந்தது. அதை இரண்டு ஞாயிறுகள் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாள். போகவில்லை.

மகள் தொலைபேசியில் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "அப்பா பாவம்மா. நல்லது பண்றதா நினைச்சுத்தானே பண்ணிட்டாரு."

"உனக்கு அப்பா எப்பவுமே பாவம்தான். அம்மாதான் ராட்சசி."

"நான் அப்படிச் சொன்னேனா?"

"சொல்லல. சொல்லாமலேயே கேக்குது," என்று அவள் வைத்துவிட்டாள்.

கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும், கம்புக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நகத்தால் ஒரு இடத்தில் லேசாகக் கீறினாள். மேல்தோலுக்குக் கீழே பச்சை. இன்னும் கீழே கீறினாள். அங்கும் பச்சை. உயிர் இருந்தது. அன்றைக்கே சாயங்காலம் பெரிய சாலை முனையில் இருக்கும் செடிக் கடைக்குப் போனாள். கடையை நடத்துகிறவள் சின்ன வயதுப் பெண். முழங்கை வரை மண். பேச்சில் சுற்றி வளைப்பது கிடையாது. கைபேசியில் எடுத்த படத்தைப் பார்த்தவுடன் கேட்டாள்.

"யாருக்கா இப்படிக் கொலை பண்ணினது?"

எறும்பக்காவுக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. "எங்க வீட்டுக்காரர்."

"கம்பு நல்ல கனம், வந்துடும். ஆனா தண்ணியை நிறுத்துங்க. இலைதான் தண்ணியை இழுக்கும். இலையே இல்லாதப்ப நீங்க ஊத்தற தண்ணி எங்க போகும்? அப்படியே நின்னு வேரை அழுக வச்சிடும். மேல் மண்ணு ரெண்டு விரல் ஆழத்துக்குக் காயணும். காஞ்சப்புறம் ஒரு டம்ளர், போதும். உரம் கிரம் எதுவும் போடாதீங்க. வெளிச்சத்துல வையுங்க. அப்புறம் சும்மா இருங்க."

"எத்தனை நாளைக்குச் சும்மா இருக்கணும்?"

"அதைச் செடியைத்தான் கேக்கணும்."

ரத்தம் எடுத்தால் சாயங்காலம் நான்கு மணிக்கு ரிசல்ட் என்று சொல்லிச் சொல்லியே பழகிய வாய்க்கு இந்தப் பதில் கசந்தது. இருந்தாலும் சொன்னபடி செய்தாள். தொட்டியை ஜன்னலுக்கு இன்னும் நெருக்கமாக நகர்த்தினாள். தினமும் வேலை முடிந்து வந்ததும், கை கழுவிய கையோடு கம்பை அடியிலிருந்து நுனி வரை பார்ப்பாள். இலை இருந்து உதிர்ந்த இடமெல்லாம் கம்பைச் சுற்றி வளையம் வளையமாகத் தழும்பு இருந்தது. புது மொட்டு அந்த வளையத்துக்கு மேல்தான் வரும் என்று செடிக்கடைக்காரி சொல்லியிருந்தாள். மொத்தம் இருபத்திரண்டு வளையங்கள். ஒன்றிலும் ஒன்றும் இல்லை.

ஒரு வாரம் போயிற்று. மூன்று வாரம் போயிற்று. ஐந்தாவது வாரத்தில் அவளுக்கு வேறு ஒரு குழப்பம். மண் காயவே இல்லை. அவள் கடைசியாகத் தண்ணீர் ஊற்றி இருபது நாள் இருக்கும். விரலை விட்டால் சதசதவென்று ஈரம். தொட்டியைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் சின்னக் கருப்பு ஈக்கள் பறந்தன. கம்பு உள்ளே செத்துக்கொண்டிருக்கிறது, அதனால்தான் ஈரத்தை இழுக்கவில்லை என்று நினைத்தாள். அந்த நினைப்பு வேலையிலும் கூடவே வந்தது. ஒருநாள், நரம்பு புடைத்து நிற்கும் ஒரு வாலிபனுடைய கையில் அவளுக்குக் குறி தப்பியது. இரண்டாவது முறை குத்த வேண்டியிருந்தது. "எறும்புன்னீங்க, தேள் மாதிரி இருக்கே" என்று அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

அதற்கு மறுநாள் நிலையத்தில் மின்சாரம் போய், ஜெனரேட்டரும் கைவிட்டதால் ஒன்பதரைக்கே அனுப்பிவிட்டார்கள். அவள் கதவைத் திறந்தபோது கணவர் தொட்டியின் முன்னால் குனிந்து நின்றார். கையில் குளியலறைக் குவளை. குவளை காலி. தொட்டியின் அடித்தட்டு நிரம்பி வழிந்தது.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"எத்தனை நாளா?" என்றாள்.

"கொஞ்சம்தான் ஊத்தினேன்."

"எத்தனை நாளான்னு கேட்டேன்."

"வெட்டின மறுநாள்லேர்ந்து," என்றார். "நீ கிளம்பினதும் ஒரு குவளை. நீ அதுகிட்ட போய் நின்னு நின்னு பாக்கறே, ஒரு சொட்டுத் தண்ணி ஊத்த மாட்டேங்கறே. கோவத்துல பட்டினி போடறேன்னு நினைச்சேன்."

"பட்டினியா? நானா? எதுவா இருந்தாலும் என்னைக் கேட்டிருக்கலாம் இல்ல?"

"நீதான் என்கிட்ட பேசறதே இல்லையே."

அது உண்மை. அதனாலேயே அவளுக்கு ஆத்திரம் ஒன்றுக்கு இரண்டாக ஏறியது. ஐந்து வாரமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் மடை திறந்தாற்போல் வந்தது. மிதியடியில் ஆரம்பித்தாள், திரைக்கு வந்தாள், அலமாரிக் காகிதத்துக்குப் போனாள். "இந்த வீட்டுல எதையாவது வச்ச இடத்துல வச்ச மாதிரி விட்டிருக்கீங்களா? வேலை போச்சுன்னா அதுக்கு என் செடிதான் கிடைச்சுதா?"

"வேலை போகல," என்றார் அவர். குரல் இறங்கியிருந்தது. "ரிட்டையர் ஆனேன். நல்லபடியா மாலை போட்டுத்தான் அனுப்பினாங்க."

குவளையைக் கொண்டுபோய் அதன் இடத்தில் வைத்துவிட்டு, மொட்டை மாடிக்குப் போய்விட்டார். சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் தட்டிலிருந்து வழிந்த தண்ணீர் தரையில் ஓடிக்கொண்டிருந்ததால், முதலில் அதைத் துடைக்க வேண்டியிருந்தது. துடைத்து முடித்தபோது, மன்னிப்புக் கேட்கும் பதம் தாண்டிவிட்டிருந்தது.

செடிக்கடைக்காரி தொலைபேசியில் கேட்டுவிட்டு, "இன்னிக்கே வெளிய எடுங்க, நாளைக்குன்னு வைக்காதீங்க" என்றாள். தொட்டியோ ஒரு ஆள் தூக்குகிற கனம் இல்லை. எறும்பக்கா மாடிப்படி அடியில் நின்று, யாரையோ கூப்பிடுவதுபோல, "தொட்டியைத் தூக்கணும்" என்று மேலே பார்த்துச் சொன்னாள். அவர் இறங்கி வந்தார்.

பின்பக்கத்து முற்றத்தில் செய்தித்தாள் விரித்துத் தொட்டியைச் சாய்த்தார்கள். அவர் தொட்டியைப் பிடித்துக்கொள்ள அவள் கம்பை இழுத்தாள். மண்ணோடு சேர்ந்து வேர் வெளியே வந்ததும் சாக்கடை நாற்றம் அடித்தது. அடிப்பாகம் முழுக்கக் கறுத்திருந்தது. விரலால் உருவினால் தோல் தனியே கழன்று, உள்ளே நூல் மாதிரி ஒன்று மட்டும் மிஞ்சியது. அவள் கத்தரிக்கோலை எடுத்தாள். பழக்க தோஷத்தில் அவர் கை நீண்டது. பிறகு தானாகவே பின்னால் போய்க் கட்டிக்கொண்டது.

கறுத்த வேரையெல்லாம் அவளே வெட்டினாள். பாதிக்கு மேல் போய்விட்டது. பிறகு கம்பை மேலிருந்து அழுத்திப் பார்த்துக்கொண்டே வந்தாள். நுனி பழுத்த வாழைப்பழம் மாதிரி அமுங்கியது. அதற்குக் கீழேயும் அமுங்கியது. எங்கே கெட்டியாக இருக்கிறதோ அதுவரை எடுத்துவிட வேண்டும் என்று செடிக்கடைக்காரி சொல்லியிருந்தாள். அவர் விட்டுவைத்த இடுப்புயரக் கம்பை அவள் அரிவாளை எடுத்துத் தன் கையாலேயே முழங்காலுக்குக் கொண்டுவந்தாள். கடைசி வெட்டில் பால் வந்தது. வெள்ளையாக, கெட்டியாக ஒரு துளி.

"பால் வருது," என்றார் அவர் மெதுவாக.

"தெரியுது," என்றாள்.

சின்னத் தொட்டி. தென்னை நார்த்தூளும் மணலும் கலந்த உலர்ந்த மண். வளையங்கள் இப்போது ஒன்பதுதான். அவற்றையும் அவள் எண்ணி வைத்துக்கொண்டாள்.

அதன்பிறகு அவர் தொட்டியின் பக்கமே போகவில்லை. கூடத்தில் நடக்கும்போதுகூட அதைச் சுற்றிக்கொண்டு போனார். அவர் குற்ற உணர்வோடு நடமாடுவது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. பேசினாலும் எரிச்சல், பேசாவிட்டாலும் எரிச்சல். அளவு நாடாவும் சட்டைப் பையிலிருந்து காணாமல் போயிருந்தது. அதை விசாரிக்கலாமா என்று ஓரிரு முறை நினைத்து, விட்டுவிட்டாள்.

ஒரு மாதம் கழித்து, செடிக்கடைக்காரி அந்தப் பக்கம் ஒரு வீட்டுக்குத் தொட்டிகளைக் கொண்டுவந்தவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். கம்பைக் கீறிப் பார்த்துவிட்டு, "தூங்குது, எழுப்பி விடுங்க" என்றாள். ஒரு வளையத்துக்கு மேலே, அரை விரல் அகலத்துக்கு, தோல் மட்டும் அறுபடும் ஆழத்தில் பிளேடால் ஒரு கீறல் போட வேண்டுமாம். மேலேயிருந்து வரும் தடை அறுந்தால் கீழே இருக்கும் மொட்டு விழித்துக்கொள்ளுமாம். எறும்பக்கா சந்தேகமாகப் பார்த்தாள். ஆனால் தோலுக்குக் கீழே எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பது அவளுக்குச் சொல்லித்தர வேண்டிய விஷயம் இல்லை. நான்காவது, ஆறாவது வளையங்களின் மேல் கீறினாள். செடிக்கடைக்காரி, "அக்கா, உங்க கைக்கு என் கடைக்கே வந்துடலாம்" என்றாள். பல வாரங்களுக்குப் பிறகு எறும்பக்கா சிரித்தாள்.

பதினாறாம் நாள் நான்காவது வளையத்தில் கடுகளவு ஒரு புடைப்பு. இருபதாம் நாள் அது சிவந்த முனையாக நீண்டது. கிளி மூக்கு மாதிரி. அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கண் படும் என்பதெல்லாம் இல்லை. சொன்னால் அவர் வந்து பார்ப்பார், அவ்வளவுதான். ஆனால் ஒருநாள் சோபாவை அவர் அரை அடி பின்னால் தள்ளிப் போட்டிருப்பதைக் கவனித்தாள். மொட்டு இருந்த பக்கத்துக்கு வழி விட்டிருந்தார். அவரும் பார்த்துவிட்டார். அவரும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை. ஆறு பத்து. பால் பொங்கி அடுப்பில் வழிந்து, அதைத் துடைத்து, நேரமாகிவிட்டது. கூடத்து ஜன்னல் திறந்து கிடந்தது. அதைச் சாத்த எட்டியவள் திரும்பும்போது தோள்பையின் வார் எதிலோ மாட்டியது. அவள் இழுத்தாள். பட் என்று ஒரு சின்னச் சத்தம்.

அவளுக்குப் பார்க்காமலேயே தெரிந்துவிட்டது. சிவப்பு முனை தரையில் கிடந்தது. முறிந்த இடத்தில் பால் பொங்கி நின்றது. அவள் பையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பச்சைக் குழந்தையின் கையில் நரம்பு பிடிக்கிற கை. ஒரு மொட்டைக் காப்பாற்றத் தெரியவில்லை.

சத்தம் கேட்டு அவர் வந்தார். கம்பைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"நான்தான்," என்றாள். "பை மாட்டிக்கிச்சு."

"சரி, போனா போகுது. விடு."

"போனா போகுதா?"

"தெரியாமத்தானே பட்டுது."

"திட்டுங்களேன்!" என்று கத்தினாள். "நீங்க வெட்டினதுக்கு நான் என்னெல்லாம் சொன்னேன்? வேலை போச்சுன்னுகூடச் சொன்னேன். இப்ப உங்க முறை. திட்டுங்க!"

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். நிஜமாகவே ஏதாவது கிடைக்குமா என்று தேடுவது போலிருந்தது. "எனக்குத் திட்ட வரலையே," என்றார். "உனக்கு நேரமாகுது. எழுந்திரு."

அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே, "நீங்க மட்டும் அன்னைக்கு வெட்டாம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தாள்.

"ஆமா," என்றார் அவர். "அது என் தப்புதான்."

நான்கு மாதத்தில் அவர் அதை வாய் திறந்து சொன்னது அதுதான் முதல் தடவை. நல்லது நினைத்தேன், வீடியோவில் சொன்னார்கள் என்ற எதுவும் கூட வரவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் கை கொடுத்தார், எழுந்தாள். அன்றைக்கு இருபது நிமிஷம் தாமதமாகப் போய், பசியோடு உட்கார்ந்திருந்த எல்லாரிடமும் பேச்சு வாங்கினாள்.

அந்த மாதக் கடைசியில் அவர் நோட்டுப் புத்தகம் பைண்டிங் செய்கிற பட்டறை ஒன்றில் வாரத்துக்கு மூன்று நாள் போக ஆரம்பித்தார். பழைய சிநேகிதர் ஒருவரைத் தானாகவே தேடிப் போய்க் கேட்டிருக்கிறார். அவளிடம் முடிவான பிறகுதான் சொன்னார். வீடு பகலில் காலியாக இருந்தது. வைத்த பொருள் வைத்த இடத்தில் இருந்தது. அதற்குத்தானே ஆசைப்பட்டாள்; இருந்தாலும் சும்மா கிடக்கும் வீட்டுக்குள் நுழைகிறபோது யார்மேல் எரிந்துவிழுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நிற்பாள்.

செடி அவள் கீறிய இடத்தில் தழைக்கவில்லை. ஆறாவது வளையம் அசையவே இல்லை. முறிந்த மொட்டின் காயம் கறுத்துக் காய்ந்தது. அவள் நம்பிக்கையை விட்டு, தினம் பார்ப்பதை வாரம் ஒருமுறை ஆக்கிய பிறகு, யாரும் கேட்காத இடத்தில், அதாவது மண்ணோடு ஒட்டிய முதல் வளையத்தில், சுவரைப் பார்த்த பக்கத்தில் இரண்டு முனைகள் ஒன்றாகக் கிளம்பின. இரண்டும் ஒரே பக்கம். தொட்டியைத் திருப்பி வைத்தால் நேராகும் என்று திருப்பினாள். அவை மெதுவாக மறுபடி ஜன்னல் பக்கம் வளைந்து, பாம்பு நெளிந்தாற்போல் ஆயின. குச்சி நட்டுக் கட்டலாமா என்று செடிக்கடைக்காரியைக் கேட்டாள். "முதல்ல அது பலமாகட்டும்க்கா. சும்மா இருக்கச் சொன்னா உங்களால முடியவே முடியாதா?" என்று அவள் அலுத்துக்கொண்டாள். நடுவில் மொட்டையாக நிற்கும் முழங்காலுயரக் கம்பு எதற்கு, அதையும் எடுத்துவிடலாமே என்று கேட்டதற்கு, "அது இருந்தாத்தான் இதுங்களுக்குத் தெம்பு" என்றாள்.

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் செடிக்கு ஐந்து இலைகள் இருந்தன. உள்ளங்கை அளவுகூட இல்லை, இரண்டு விரல் அகலம். எறும்பக்கா ஈரத் துணியோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். முக்காலிக்கு வேலையில்லை. முதல் இலையைத் திருப்பியவள் அப்படியே நிறுத்தினாள். இலையின் அடியில், நடு நரம்பை ஒட்டி, வெள்ளையாகப் பஞ்சுபோல ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. தொட்டாள். நகர்ந்தது.

"ஐயோ, மாவுப்பூச்சி," என்றாள். "இத்தனை கஷ்டப்பட்டு... இதுவும் வரணுமா? ஏங்க! இங்க வாங்க!"

அவர் படித்துக்கொண்டிருந்த பேப்பரைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். தொட்டிக்கு ஒரு அடி தள்ளி நின்றார்.

"அங்கேயே நின்னா எப்படி? கண்ணாடியைப் போட்டுக்கிட்டு வந்து உக்காருங்க. சோப்புத் தண்ணி கரைச்சுக் கொண்டு வாங்க, கொஞ்சமா, நுரை வர்ற அளவுக்கு. அப்படியே காது குடையற பஞ்சுக் குச்சியும்."

அவர் கிண்ணத்தோடு வந்து எதிரில் உட்கார்ந்தார். ஆளுக்கொரு குச்சி. அவள் இலைகளின் அடிப்பக்கம், அவர் காம்புகளின் இடுக்கு. பூச்சிகள் எண்ணிக்கையில் அதிகம் இல்லை, ஆனால் ஒளிந்துகொள்ளக் கற்றுவைத்திருந்தன. "அங்க ஒண்ணு இருக்கு பாருங்க", "எங்க?", "அதோ, உங்க கட்டை விரலுக்குக் கீழ", "இதுவா?", "அது பூச்சியில்ல, செடியோட பால்" என்று முக்கால் மணி நேரம் போயிற்று. அவளுக்கு முதுகு வலித்தது, அவருக்கு முழங்கால் மரத்துப் போயிற்று. வாரம் ஒருமுறை இப்படிச் செய்தால்தான் முழுசாக ஒழியும், அதுவரை ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது என்று அவள் கரித்துக்கொட்டினாள். "சரி" என்று சொல்லி, அவர் குச்சியின் மறுமுனையைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துக்கொண்டார்.